மல்லிகா எடுத்த திமிங்கில வீடியோ

கடலில் எனக்குத் தலை சுற்றாது என்று, கடலை ஒருமுறைகூடப் பார்க்காமலே அடித்துச் சொன்னவன் நான். ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, நான் நின்றபடியே தூங்கி வருவேன். (அந்தத் திமிர்தான்.)

அப்போது கல்யாணமான புதிது. என் மனைவி மல்லிகா மலைப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். புத்தகத்தில் திமிங்கிலப் படம் பார்த்த பிள்ளைகள், "நெஜமாவே இம்மாம் பெருசு இருக்குதா மிஸ்?" என்று சந்தேகப்பட்டுவிட்டார்கள். வீடியோ எடுத்து வந்து காட்டுவதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். லீவில் புதுச்சேரிக்குப் போய், வழிகாட்டியோடு கிளம்பும் படகில் ஏறினோம்.

"டால்பின் அநேகமா வரும். திமிங்கிலம் உங்க அதிர்ஷ்டம். எல்லாரும் மாத்திரை போட்டுக்குங்க" என்றார் வழிகாட்டி.

"எனக்கு வேணாங்க. நான் மலைக்காரன்."

"இன்னாங்க, ஒண்ணு போட்டுக்கினா கொறஞ்சா பூடுவீங்க?" என்றாள் மல்லிகா. நான் சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கரை மறைந்ததும் என்ஜினை நிறுத்தினார்கள். ஓடும்போது ஒழுங்காக இருந்த படகு, நின்றதும் ஆட ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்ட ஆறு இட்லியும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் கம்பியைப் பிடித்துக் குனிந்த அதே நேரம், மறுபக்கத்தில் யாரோ "அதோ" என்றார்கள்.

கரிய முதுகு எழும்பி, மூச்சைப் பீய்ச்சிவிட்டு, நிதானமாக உள்ளே போனதாம். (கேள்விப்பட்டதுதான். நான் பார்த்தது இட்லியை.) மல்லிகா ஒரு கையால் என் காலரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வீடியோ எடுத்திருக்கிறாள்.

திரும்பும்போது அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். "உன்னை அத நிம்மதியா பாக்க வுடல நானு" என்றேன்.

"பாத்துட்டேன். கண்ண மூடிக்கினு படுங்க" என்று நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் வீடியோவைப் போட்டாள். திமிங்கிலத்தை நானும் பார்த்துவிடலாமென்று வாசலில் போய் நின்றேன். படத்தில் முழுக்கத் திமிங்கிலம். சத்தத்தில் முழுக்க நான்.

பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், திமிங்கிலம் இப்டித்தான் கத்துமா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அந்தப் பிள்ளைகள் இப்போது வெளியூரில் காலேஜ் படிக்கிறார்கள். உண்மை எப்போதோ தெரிந்துவிட்டது. லீவில் வந்தால், அரைக் கிலோ சர்க்கரை கேட்பதற்கு முன்னால், கடை வாசலில் நின்று அந்தச் சத்தத்தை ஒருமுறை எழுப்புகிறார்கள். உடனே உள்ளேயிருந்து மல்லிகா, "யாரு வந்துகீறது, நம்ம மூணாங்கிளாஸா?" என்று ஈரக் கையோடு ஓடி வருகிறாள்.