எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அவன் பாட்டுக்கு நடந்தோ மாட்டு வண்டியிலோ போய்ச் சேருவான். முழுக்கத் தெரிந்தவனாலும் தொந்தரவு இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் ஊரார் பிடித்துத் தூணில் கட்டிப் போட வேண்டும். இருபத்திரண்டு வயதில் நான் திருத்தணியில் சுதந்திரமாக உலாவிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கட்டிப் போடவில்லை.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரிசி மில்லில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. ஆனால் பாதி நாள் நான் நின்றது இன்ஜின் அறையில்தான். அங்கே வேடிக்கை பார்த்ததும், பாதிப் பக்கம் கிழிந்துபோன ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்ததும் சேர்ந்து, என்னை ஒரு இன்ஜினீயராக ஆக்கிவிட்டன. (மீதிப் பாதியில் என்ன எழுதியிருந்தது என்று பிற்பாடு அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.) மெட்ராஸுக்குப் போய் ஏதாவது மோட்டார் பட்டறையில் சேர்ந்து தொழில் பழக வேண்டும் என்று எனக்கு வெறி. என் நைனாவுக்கோ, அவர் தலைமை குமாஸ்தாவாக இருந்த தாலூகா ஆபீஸில், அவர் மேசைக்குப் பக்கத்து மேசையில் என்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இந்த இழுபறிக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டவர் பாவா, அதாவது என் அக்கா புருஷன். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் தறிக்காரர்களிடம் புடவை வாங்கிக் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம் அவருக்கு. அரக்கோணத்தில் ஒரு ரயில்வே கார்டிடமிருந்து வாங்கிய குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். சமதரையில் நன்றாகவே ஓடும். புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறச் சொன்னால் மட்டும் நின்றுவிடும். பாவா இறங்கித் தள்ளுவார். பாதி வழி வண்டி பாவாவைச் சுமந்தது, மீதி வழி பாவா வண்டியைச் சுமந்தார்.

"இதுக்குப் பெரிய இன்ஜினா வெச்சிட்டா போதும் பாவா. மேடு இன்னா, மலையே ஏறும்" என்றேன்.

பாவா நல்ல மனுஷர். மச்சான் சொன்னால் நம்பிவிடுவார். மெட்ராஸில் மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்களை விற்கிற கடை ஒன்றிலிருந்து ஓர் இன்ஜினை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். யுத்த முகாமில் விளக்கு எரிய வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அது. பழைய இன்ஜினைப்போல இரண்டரை மடங்கு இருந்தது. பெட்ரோலிலேயே எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். கிளப்புவதற்கு, பம்பரத்துக்குச் சுற்றுவதுபோல அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும்.

நைனா அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு மெட்ராஸ் தானே போவணும்? இந்த வண்டி பள்ளிப்பட்டு வரைக்கும் போயி திரும்பி வந்துச்சின்னா நீ தாராளமா போ. வரலைன்னு வெச்சிக்க, திங்கக்கெழம காலைல சட்டைய மாட்டிக்கினு என்னோட ஆபீசுக்கு வர்ற. அப்பால மெக்கானிக்கு கிக்கானிக்குன்னு ஒரு பேச்சு கூடாது."

"சரிங்க நைனா."

"இன்னொண்ணு. பூஜை போடாம சக்கரம் தரையில உருளக் கூடாது. கிருத்திகை அன்னைக்கு மலையடிவாரத்துல வெச்சி பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, அப்பறம் ஓட்டு. அதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கறேன் கீட்டிப் பாக்கறேன்னு கிளம்பினா காலை ஒடிச்சிடுவேன்."

அதற்கும் சரி என்றேன். அந்த இரண்டாவது சரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுகிற ஆறுமுக ஆசாரி பட்டறையில் வேலை ஆரம்பமாயிற்று. முதல் நாளே ஒரு சிக்கல். புது இன்ஜினில் செயின் மாட்டுகிற பல் சக்கரம் வலது பக்கம் இருந்தது. பாவா வண்டியின் கியர் பெட்டிக்குச் செயின் இடது பக்கம் வர வேண்டும். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். (ஒரு நிமிஷம்தான்.) இன்ஜினையே அப்படியே திருப்பி, முன்பக்கத்தைப் பின்பக்கமாக உட்கார வைத்தால் பல் சக்கரம் தானாக இடது பக்கம் வந்துவிடுமே! வந்துவிட்டது. புகைபோகிற வாயும் பின்னால் திரும்பிக்கொண்டதால் குழாயை வளைக்கிற வேலையும் மிச்சம். எனக்கு என் மூளையை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

ஆசாரி மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இந்த இன்ஜினு மூஞ்சி எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று கேட்டார்.

"இன்ஜினுக்கு இன்னா ஆசாரி மூஞ்சி?"

"எல்லாத்துக்கும் ஒரு மூஞ்சி கீதுப்பா."

நான் சிரித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் வேறு எப்படிச் சிரிப்பானோ அப்படிச் சிரித்தேன்.

ஒரு வாரத்தில் வண்டி தயார். வீட்டு வாசலில் பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (சக்கரம் தரையில் படவில்லை, நைனாவின் உத்தரவுக்குப் பங்கமில்லை), கயிற்றைச் சுற்றி இழுத்தேன். நாலாவது இழுப்பில் கிளம்பியது பாருங்கள், தெருவே அதிர்ந்தது. பெரிய இன்ஜினுக்குப் பெரிய மனதோடு எண்ணெய் கலந்திருந்தேன். அதனால் கிளம்பிய வெள்ளைப் புகையில் எதிர்வீடு மறைந்துபோயிற்று. அக்கா கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கியரைப் போட்டேன். புகைக்கு நடுவே பின்சக்கரம் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. பாவா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நைனா வாசற்படியில் நின்று பார்த்து, "சுத்துது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை நான் அதுவரை கேட்டதில்லை. மெட்ராஸுக்கு எடுத்துப் போக வேண்டிய சட்டைகளை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

சக்கரம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

கிருத்திகை வந்தது. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம், மொட்டைத் தலைகள், அரோகரா சத்தம். படிக்கட்டுக்குப் போகிற மேட்டுப் பாதையில், சுவாமியைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினோம். பின்னால் பாதை சரிந்து நேரே சரவணப் பொய்கையில் முடியும். குருக்கள் விளக்கிலும் இன்ஜினிலும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். முன்சக்கரத்துக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகர்ந்ததும் திருஷ்டி கழித்து உடைப்பதற்காக, நைனா ஒரு பெரிய பூசணிக்காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றார். பாவா பக்கத்தில் நின்றார். கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டு, ஏறி உட்கார்ந்து, முருகனை மனதில் நினைத்துக் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. நிற்கிற இடமோ மேடு. வண்டி பின்னால் போகிறதென்றால் என்ன அர்த்தம்? இன்ஜினுக்கு இழுக்கிற சக்தி போதவில்லை, வண்டி சரிகிறது என்றுதானே அர்த்தம்? அப்போது என்ன செய்ய வேண்டும்? இன்னும் முறுக்க வேண்டும். முறுக்கினேன். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று.

"சறுக்குது மச்சான்! இன்னும் குடு! நல்லா குடு!" என்று பாவா கத்தினார்.

நல்லாவே கொடுத்தேன்.

பின்னால் நைனா முதலில் பின்பக்கமாகவே நாலடி நடந்தார். அப்புறம் திரும்பிக்கொண்டு ஓடினார். பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் உடைக்க வேண்டிய நேரம் வராமல் அதைக் கீழே போடக் கூடாதென்று அவருக்குச் சாஸ்திரம். அதனால் பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, "நிறுத்துடா! டேய் நிறுத்துடா!" என்று அலறியபடி ஓடினார். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தாலூகா ஆபீஸின் தலைமை குமாஸ்தா, கோயில் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, என் பின்சக்கரத்துக்கு மூன்று முழம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வழியில் மொட்டைத் தலைக்குப் பூசுகிற சந்தனத்தைக் குழைத்து வைத்திருந்த கடை ஒன்று இருந்தது. அதில் பாதி என் மேல், பாதி வண்டி மேல். நைனா பொய்கைப் படியில் இறங்கி, வேறு வழியில்லாமல் தண்ணீரில் குதித்தார். வண்டி இரண்டாவது படியில் இடித்து இருமி நின்றது.

வேஷ்டி சட்டையோடு, பூசணிக்காயோடு ஒரு பெரியவர் பொய்கையில் குதித்ததைப் பார்த்த வெளியூர் பக்தர்கள், இது ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்து, "அரோகரா!" என்று ஒரே குரலில் முழங்கினார்கள். ஒரு அம்மாள் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மேலே பூஜை நடந்த இடத்தில் குருக்கள் குனிந்து இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழம் நசுங்கலியே. பூஜை ஆனதா கணக்கு இல்ல" என்றார்.

ஆசாரியும் கூட்டத்தில் இருந்தார். அருகே வந்து, பின்னால் பார்த்துக்கொண்டிருந்த புகைக்குழாயை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜினை நான் திருப்பி வைத்தபோது, அது சுற்றுகிற திசையும் கூடவே திரும்பிவிட்டது. பள்ளிப்பட்டுக்கு மட்டுமல்ல, அந்த வண்டியால் முன்பக்கம் எங்கேயுமே போக முடியாது.

வீட்டுக்கு வந்து, மெட்ராஸுக்கு எடுத்து வைத்த சட்டைகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன். அழுகை வந்தது, அழுதேன். சாயந்திரம் நைனா கூப்பிட்டார்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு வரணுங்க நைனா?" என்று நானே கேட்டேன்.

"எங்க வர்ற?"

"ஆபீசுக்கு."

"ஆபீசுக்கா? ஏண்டா, நான் பொய்கைல குதிச்சத ஊரே பாத்துக்கினு கீது. தாசில்தார் வூட்டு அம்மா கன்னத்துல போட்டுக்கினாங்களாம். இனிமே அங்க நான் ஒருத்தன் உக்காந்துகினு இருக்கறதே பெருசு. பக்கத்து மேசையில உன்னையும் வெச்சிக்கினா வர்றவன் மனு குடுப்பானா, சிரிப்பானா? நீ மெட்ராசுக்கே போயிடு. முன்னாடி எது, பின்னாடி எதுன்னு மொதல்ல கத்துக்கினு வா."

இப்படியாக, தோற்றதனால் நான் மெட்ராஸ் போனேன். ஜெயித்திருந்தால் எல்லாம் தெரியும் என்று ஊரிலேயே உட்கார்ந்து இன்னும் நாலு வண்டியைக் கெடுத்திருப்பேன். பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரி ஒன்று சொல்லிக்கொடுத்தார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். நான் மரியாதையாகத் தலையாட்டினேன். பாவா பழைய குட்டி இன்ஜினையே திரும்ப மாட்டிக்கொண்டு, மேட்டில் தள்ளிக்கொண்டு, என்மேல் ஒரு வார்த்தை கோபமில்லாமல் காலத்தை ஓட்டினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் யார் புது வண்டி வாங்கினாலும் பூஜையன்று ஒருவரும் பின்னால் நிற்க மாட்டார்கள். மொத்தக் குடும்பமும் வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றுகொள்ளும். ஓட்டுகிறவன் ஹாரன் அடித்துக் கெஞ்சினாலும் நகராது. பூஜை செய்ய வருகிற குருக்கள்தான் ஒன்றும் புரியாமல் விழிப்பார்.

பட்டறையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்தேன். முடி வெட்டுகிற கடைக்குள் நைனாவின் குரல் கேட்டது. நான் வெளியே நிற்பது அவருக்குத் தெரியாது.

"கார் பின்னாடி போவும், லாரி பின்னாடி போவும். மோட்டார் சைக்கிளு போவுமா? வெள்ளக்காரன் செஞ்ச வண்டி எதுனா ஒண்ணு போவுதா சொல்லு. எம் பையன் செஞ்ச வண்டி போச்சி. இன்னா வேகம்ன்ற! நானே கிட்ட இருந்து பாத்தேன்."