ஆர்க்கிட்டுக்குச் சட்டி மாற்றிய உத்தமர்

நிலச் சீர்திருத்தம் பற்றி இந்த நாட்டில் பேசியவர்கள் ஆயிரம் பேர். அதைத் தன் வீட்டுக் கொல்லையிலேயே செய்து முடித்த ஒரே உத்தமர், நீடாமங்கலத்துக்கு அடுத்த மேலத்தோப்பு மிராசுதார் தியாகராசன் அவர்கள்தான். ஊரார் இதை இன்னும் உணரவில்லை. என்ன செய்வது, ஊரார் அப்படித்தான்.

ஆட்சி மாறியதும் தியாகராசன் தோளில் கிடந்த துண்டின் கரையை மாற்றினார். உடனே 'குடிசைவாசிகளுக்கு மனை வழங்கும் குழு'வின் தலைவரானார். கூலிக்காரர் எந்த மனையில் குடியிருக்கிறாரோ அது அவருக்கே சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அதை விளக்கி அவர் பேசிய பேச்சில் மைக் செட்டுக்காரரே கண்கலங்கினார்.

அந்தச் சமயத்தில்தான், சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்த ஆர்க்கிட் பூத்து ஓய்ந்தது. வேர்கள் சட்டியை மீறித் தொங்கின. கூடவே வந்த புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பூ இருக்கும்போது செடியைத் தொந்தரவு செய்யக் கூடாது. பூ உதிர்ந்து புது வேர் விடும்போதுதான் சட்டி மாற்ற வேண்டும். அந்த வேளை வந்துவிட்டது!

கொல்லை வேலை செய்யும் அம்சத்தைக் கூப்பிட்டார். அவள் பழைய சட்டியை ஊறவைத்து வேர்களைப் பதமாகப் பிரித்தாள். அழுகிய வேர்களை அவரே, கத்தியை நெருப்பில் காட்டி, அறுவை சிகிச்சை நிபுணரின் முகத்தோடு நறுக்கினார்.

"வாய்க்கா வண்டல் கொஞ்சம் அள்ளியாரட்டுங்களா ஐயா?"

"மண்ணா! மண்ணு போட்டா அழுகிடும். கரியும் செங்கல் துண்டும் போதும். பாத்தியா, மண்ணே கேக்காத செடி. என்ன ஒரு பண்பு!"

கடைசி வார்த்தைகளை அவர் செடியைப் பார்த்துச் சொல்லவில்லை.

புதுச் சட்டி பழையதைவிட ஒரு சுற்றுதான் பெரிது. ரொம்ப இடம் கொடுத்தால் செடி கெட்டுவிடுமாம். அடுத்தது, அரை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம். அப்படிப்பட்ட இடம் அவருடைய தோப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கோடியில் நின்ற புங்க மரத்தடி. அங்கே அம்சத்தின் மாமனார் கட்டிய குடிசை இருந்தது.

"கொஞ்ச நாளைக்கு வாய்க்கா கரையில இருந்துக்கங்க அம்சம். செடி தேறட்டும், பாத்துக்கலாம்."

"மக நெறமாசமா இருக்குதுங்க ஐயா. பேறுகாலம் முடியட்டுங்களே. செடிக்கே பூ முடியட்டும்னு காத்திருந்தீங்க..."

"அது சிங்கப்பூர் செடி அம்சம்," என்றார் தியாகராசன், பொறுமையாக.

ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்தார்கள். கிளையில் ஆர்க்கிட் தொங்கியது.

அடுத்த வாரமே மனை விசாரணைக்குத் தாசில்தார் இராஜாங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இந்த மனையில யாரு குடியிருக்கா?"

"நாங்கதாங்க!" அம்சம் கரையிலிருந்து ஓடிவந்தாள். "மாமனார் காலத்துலேருந்து."

"குடிசையக் காணோமே?"

"ஐயாதான் பிரிக்கச் சொன்னாங்க."

தாசில்தார் மரத்தடியைப் பார்த்தார். அண்ணாந்து கிளையையும் பார்த்தார். "இப்ப இங்க இருக்கறது இந்தச் செடி மட்டும்தானேம்மா. குழுத் தலைவர் என்ன சொல்றீங்க?"

"வயிறு எரியுது சார். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே," என்ற தலைவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப் போன பிறகும் அம்சம் அங்கேயே நின்றாள்.

"மனையத்தான் எடுத்துக்கிட்டீங்க. பம்பு செட்டுல தண்ணி புடிக்கக் கூடாதுன்னு எதுக்குங்க ஆள் போட்டிருக்கீங்க? புள்ளத்தாச்சிப் பொண்ணு வாய்க்கா கலங்கலக் குடிக்குது."

தியாகராசன் கோபப்படவில்லை. புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினார்.

"எடம் மாத்தின புதுசுல தண்ணி காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு, பாரு."

ஆர்க்கிட் விஷயத்தில் இந்த ஒரு விதியை மட்டும் அவரால் கடைப்பிடிக்க முடியவில்லை. மனசு கேட்காமல் காலையும் மாலையும் தானே தண்ணீர் தெளித்தார். அம்சத்தின் குடும்பத்துக்குத்தான் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்.