மேரிக்குப் பின்னால் ஒரு பிணம்

காரைக்கால் வட்டாரத்தில் அதிகக் கொலைகள் செய்த மனிதர் எங்கள் மின்சார ஆபீஸ் மீட்டர் ரீடர்தான். மறுப்பவர்கள் நேரில் வரலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

வரிச்சிக்குடி வரப்பில் ஒருவரைச் சாய்த்தார். பட்டினச்சேரியில் ஒருவரை மீன்வலைக்குள் வைத்தே முடித்தார். சுரக்குடிக்காரர் ஒருவர் ஆபீசுக்கே வந்து, "எங்க ஊர்ல மட்டும் ஒரு கொலையும் போட மாட்டேங்கிறீங்களே, நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று வருத்தப்பட்டார். அடுத்த நாவலில் சுரக்குடி பம்புசெட்டுக்குள் இரட்டைக் கொலை. எல்லாம் சட்டைப்பையில் அடங்குகிற துப்பறியும் நாவல்கள். ஊரில் அவருக்குப் பெயரே கொலைகாரர். பக்கத்து மேஜை என்னுடையது என்பதால் என்னை உடந்தை என்றார்கள்.

மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலும் அவருக்கு இதே வேலைதான். "ஏம்மா, உங்க கெணத்துல ஒரு ஆளைப் போட்டா வெளிய தெரியுமா?" என்பார். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருமுறை டீக்கடை பாய், "வாங்க கொலைகாரரே! அடுத்தது யாரு?" என்று கேட்க, இவர் டீயை ஊதிக்கொண்டே, "ஒரு நொத்தேரைப் பாத்து வச்சிருக்கேன், வெஷம்தான் சரியா அமையல" என்றார். பத்திரம் எழுதுகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர். நான் போய்த்தான் ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்தேன். இவரோ உள்ளே இருந்தவர்களுக்கு இரண்டு பிரதி விற்றிருந்தார்.

திருவிழா வந்துவிட்டால் அவர் ஆபீசில் தங்கமாட்டார். மாங்கனித் திருவிழா, கந்தூரி, திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி எல்லாவற்றிலும் வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில், அதன்மேல் கொலைகள். ஒரு மாங்கனித் திருவிழாவில் எல்லோரும் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்க, இவர் கூடவே நாவல்களையும் இறைத்தார். பிள்ளை வரம் வேண்டி முந்தானை ஏந்திய ஒரு பெண்ணுக்கு நாவல் விழுந்தது. "மாம்பழத்துக்கு ஏந்தினா பொணத்தைப் போட்டுட்டானே பாவி!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து இன்னொரு நாவல் வாங்கிப்போனாள். அதற்கப்புறம் இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் மனசில் இருந்தது ஒரே ஆசை. தன் கதை ஒன்று சினிமாவாக வேண்டும். அதை எங்கள் ஊர்க் கொட்டகையில் ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதற்காகக் கொட்டகையில் எந்த நாற்காலியில் மூட்டைப்பூச்சி குறைவு என்றுகூடப் பார்த்து வைத்திருந்தார். சினிமாவுக்கென்றே எழுதியதுதான் 'மேரிக்குப் பின்னால் ஒரு பிணம்'. பிரெஞ்சுக்காரன் போன பிறகும் எங்கள் ஊரில் முனிசிபல் ஆபீசுக்குப் பெயர் மேரிதான். 'வரி கட்ட மேரிக்குப் போறேன்' என்றால் எங்கள் ஊர்ப் பெண்டாட்டிகள் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, படங்கள் வரிசையாகப் படுத்துவிட்ட சென்னைத் தயாரிப்பாளர் ஒருவர் திருநள்ளாற்றில் குளித்துக் கரையேறினார். ஈரத்தோடு நின்றவரிடம் இவர் நாவலை நீட்டினார். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சனியை விட்டுட்டுப் போற எடம்யா. இங்கேருந்து எதையும் கையில வாங்கக் கூடாது!"

"இதுக்குள்ள சனி இல்லீங்க. பொணம்தான் இருக்கு."

கடைசியில் டிரைவர் வாங்கிக்கொண்டார். போகிற வழியில் தலைப்பையும் முதல் வரியையும் முதலாளிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். 'மாலை மங்கியும் மேரியைச் சுற்றி ஆண்கள் கூட்டம் குறையவில்லை.' அது போதுமே! அடுத்த சனிக்கிழமை கார் எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டது.

"கதையை நான் எடுக்கறேன்யா. மேரிக்கு மூணு டான்ஸ்."

கொலைகாரருக்குப் புரியவில்லை. "மேரி எப்படிங்க ஆடும்? அது மாடிக் கட்டடமாச்சே!"

"கட்டடமா?"

"ஆமாங்க. பொறப்பு எறப்பு பதியற எடம்."

தயாரிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, பொண்ணா மாத்திடு. ஊரையும் மெட்ராஸ்னு போட்டுக்கலாம். பெரிய கொட்டகை எல்லாத்துலயும் உன் பேரு வரும்."

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன், ஒத்துக்கொள்ளட்டும் என்று. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எத்தனையோ பேரைக் கொன்னுருக்கேங்க. ஊரை மட்டும் கொல்லமாட்டேன்."

"டயலாக் நல்லா இருக்கே! அதையாவது குடுக்கறியா?"

"அதுவும் முடியாதுங்க."

கார் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு கட்டடத்துக்காகவா?" என்று கத்தினேன். அவர் மீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "படம் இங்கயும் வரும்ல? நம்ம ஜனங்க கொட்டகையில உக்காந்துக்கிட்டு, 'நம்ம மேரி எங்க'ன்னு கேப்பாங்க. அதோ அங்க ஆடிக்கிட்டு இருக்குன்னு நான் கை காட்டணுமா?"

பிழைக்கத் தெரியாதவர் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அடுத்த கந்தூரியிலேயே அவர் கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை தொங்கியது: 'சினிமாவுக்குக் கொடுக்க மறுத்த நாவல்!' மற்ற நாவல்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த அளவுக்கு விற்றதில்லை. எண்பதுகள் முழுக்க, ஒரு திருவிழா விடாமல், அந்தப் பலகையின் கீழேதான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். படம் வரவே இல்லை. அவரும் போய்விட்டார்.

இன்றைக்கும் மேரிப் பக்கம் போனால் கட்டடத்தின் பின்புறம் ஒருமுறை எட்டிப் பார்க்காமல் எனக்குக் கால் நகராது. அவர் போட்ட பிணம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. கொலைகாரரைத்தான் காணோம்.