பொருத்தம் லோடு ஆகலை

"ஃபைலையே காணோம்னு சொல்லுதுக்கா," என்றான் முத்திருளன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காணோம்னா? ராம்கி நேத்தே குடுத்துட்டானேப்பா!" என்றாள் அன்னக்கொடி. கோரிப்பாளையம் சிக்னல் பக்கத்து மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள்.

முத்திருளன் அங்கே ஆறு வருஷமாக டேட்டாபேஸ் பார்க்கிறவன். மூவாயிரம் ஜாதகங்கள் அவன் பொறுப்பு. ராம்கி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்தவன் சும்மா இருந்தானா? பத்துப் பொருத்தத்தையும் தானே பார்த்துச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை எழுதிவிட்டான். டேட்டாபேஸில் அதை ஏற்றி, இரண்டு ஜாதக நம்பரைத் தட்டினால் போதும். அவனுடைய லேப்டாப்பில் அது ஓடியபோது வரவேற்பில் இருக்கும் திவ்யா கைதட்டினாள். முத்திருளனுக்கு அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

ராம்கியை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பக்கத்து மேசைக்காரனான தன்னைக் கூப்பிட மட்டும் அவளுக்குப் பேரே வருவதில்லை. "இங்க பாருங்க", "ஒங்களத்தான்", அவ்வளவுதான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தவனுக்கு எப்படி இருக்கும்?

ஆபீஸ் சர்வரில் ஏற்றுவது முத்திருளன் வேலை. ஏறினால் ராம்கிக்குப் பேர், ஏறாவிட்டால் இவனுக்குக் கெட்ட பேர்.

"பன்னெண்டு மணிக்கு திவ்யா அப்பா சோழவந்தான்லருந்து வாராரு," என்றாள் அன்னக்கொடி. "மொதல்ல அவ ஜாதகத்தத்தான் பாக்கணும். இங்க ஒண்ணும் அமையலைன்னா திண்டுக்கல் மாப்பிள்ளைக்கே சரின்னுருவாராம்."

முத்திருளன் மளமளவென்று தட்டினான். ஃபைலைத் தேடிப் பிடித்து ஃபோல்டரில் போட்டான். அனுமதி இல்லை என்றது. எல்லா அனுமதியையும் வாரிக் கொடுத்தான். டேட்டாபேஸ் பழசு, புதுசு வேண்டும் என்றது.

"நான் பாக்கவாண்ணே?" என்று எட்டிப் பார்த்தான் ராம்கி.

"தேவையில்ல. எனக்குத் தெரியும்."

புதுசை இறக்கிப் போட்டான். பதினொன்றரை மணிக்குத் திரை பளிச்சென்று வந்தது. ஜாதகம் ஒன்றுகூட இல்லை.

"மூவாயிரமும் போச்சா!" அன்னக்கொடி தலையில் கை வைத்தாள். "பாவிப்பயலே, எம்புட்டுப் பேரு வாழ்க்கைடா!"

வேறு வழியில்லாமல் முத்திருளன் நாற்காலியை விட்டு எழுந்தான். ராம்கி உட்கார்ந்தான்.

"ஒண்ணும் போகலண்ணே. ஜாதகமெல்லாம் பழைய டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. நீங்க பாத்தது காலியான புதுசு. பழைய வீட்டுலயே சாமான விட்டுட்டு, புது வீட்டுல வந்து காணோம்னு தேடுறீங்க."

சாமானை இடம் மாற்றினான். எக்ஸ்டென்ஷன் முதல் தட்டிலேயே ஏறியது. திவ்யா மறுபடியும் கைதட்டினாள். பிறகு குனிந்து, ராம்கியின் காதருகே தணிந்த குரலில் பேசினாள்.

"ராம்கி, என் ஜாதகத்தோட மொதல்ல 3018-ஐப் போடு, சரியா?"

சொன்னவளுக்கு முகமெல்லாம் வெட்கம். ராம்கி சிரித்தான். இந்தப் பக்கம் முத்திருளனுக்குக் காதெல்லாம் புகைந்தது. 3018 யாரென்று கேட்கவா வேண்டும்? தன் ஜாதகத்தைத் தானே பதிந்துவிட்டு, அதற்குத் தானே எக்ஸ்டென்ஷனும் எழுதியிருக்கிறான் கில்லாடி!

பார்த்து உறுதி செய்யவும் வழியில்லை. பேரும் போட்டோவும் கம்ப்யூட்டரில் ஏறக்கூடாது, தரகர்கள் சுட்டுவிடுவார்கள் என்பது அன்னக்கொடியின் சட்டம். நம்பரும் நட்சத்திரமும்தான் உள்ளே. மற்றதெல்லாம் பீரோவில்.

ராம்கி டீ குடிக்கக் கீழே போனான். முத்திருளன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறு வருஷமாக ஜாதகத்தோடு புழங்கியவனுக்கு இது தெரியாதா? திவ்யாவுக்கு ரோகிணி. ரோகிணிக்குச் சுவாதியைச் சேர்த்தால் ரஜ்ஜுவும் தட்டும், வேதையும் தட்டும். 3018-இன் நட்சத்திரத்தைச் சுவாதி என்று மாற்றினான். முன்னால் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

பன்னிரண்டுக்குத் திவ்யாவின் அப்பா பாண்டியராஜன் வந்தார். எல்லாரும் சூழ்ந்து நிற்க, டீ குடித்துவிட்டு வந்த ராம்கி இரண்டு நம்பரையும் தட்டினான்.

"ரஜ்ஜு இல்ல... வேதையும் இல்ல," என்றான்.

"மொத ஜாதகத்துக்கே ரஜ்ஜு இல்லன்னா அப்பறம் என்னத்தப் பேச?" பாண்டியராஜன் அங்கேயே போனை எடுத்தார். "திண்டுக்கல்லுங்களா? நாளைக்கே பூ வைக்க வந்துருங்க."

ராம்கியின் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. என்னமாய் நடிக்கிறான் என்று வியந்தான் முத்திருளன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் திவ்யாவைப் பார்த்தான். அவள் கண் கலங்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ, குடுத்து வைக்கல," என்று பெருமூச்சு விட்டாள் அன்னக்கொடி. "முருகம்மா, பீரோவுல 3018 ஃபைல எடு. திவ்யாதான் வாங்கி வச்சா. தபால்ல திருப்பி அனுப்பிருவோம்."

கூட்டிக்கொண்டிருந்த முருகம்மாள் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு ஃபைலை எடுத்துப் பிரித்தாள்.

"இதுக்கெதுக்குக்கா தபாலு? போன வாரம் தம்பியோட அம்மா குடுத்துட்டுப் போனதுல்ல இது, போட்டோவுல நம்ம முத்திருளன் தம்பில்ல இருக்கு!"