ஒரு கை கொசுறும் மூக்கில்லாத மெஷினும்

ஏ மக்கா, எல்லாரும் போனைக் கவுத்தி வைங்க. சார்ஜ் ரெண்டு பர்சென்ட் இருக்குறவன் மட்டும் வெச்சுக்கோ, அது தானா செத்துரும். தங்கமாரி, நீதான் முன்னால வந்து உக்காரணும். முருங்கைப் பொடி எக்ஸ்போர்ட் பண்ணப் போறேன்னு மூணு வருஷமா சொல்லிட்டுத் திரியுத. இதுவரைக்கும் விசிட்டிங் கார்டு மட்டும்தான் அடிச்சிருக்க, அதுலயும் பின்கோடு தப்பு. லூர்து, நீ சிரிக்காத. உன் கம்பெனிக்கு லோகோ இருக்கு, கம்பெனி இல்ல. உங்க ரெண்டு பேருக்காகத்தான் இந்தக் கதை. மத்தவங்க சும்மா கேளுங்க, வடை வர இன்னும் நேரமாகும்.

ஒரு காட்டில ஒரு பெருச்சாளி இருந்துச்சு. சுக்கு யாவாரம். காடே அதை அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். முயல்கள் இஞ்சியை விளைய வெச்சு, காயப் போட்டு, சுக்காக்கிக் கொடுக்கும். அண்ணாச்சி அதை மூட்டை கட்டி, கடல் தாண்டி பென்குயின் நாட்டுக்கு அனுப்பும். அந்த நாட்டுல எந்நேரமும் ஜலதோஷம். குஞ்சு முட்டையை உடைச்சிட்டு வர்றதே ஒரு தும்மல்லதான். அதனால சுக்குன்னா அங்க உயிரு.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். எடை போட்டு முடிச்ச மூட்டையில கடைசியா ஒரு கை அள்ளிப் போடும். கொசுறு. தராசு நின்னாலும் கை நிக்காது. அது ஒரு வியாதி மாதிரி. மூட்டையில கொசுறு விழலைன்னா அன்னைக்கு அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது.

முந்தி பென்குயின் நாட்டுத் துறைமுகத்துல ஒரு ஆபிசர் பென்குயின் இருந்தாரு. மூட்டையைப் பிரிப்பாரு, மோந்து பாப்பாரு, நாலு தும்மல் போடுவாரு, சீல் குத்திருவாரு. தும்மல் அஞ்சாச்சுன்னா முதல் தரம்னு எழுதுவாரு. முப்பது வருஷம் இப்பிடியே ஓடிச்சு. திடீர்னு ஒருநாள் அவருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டு, அந்த நாற்காலியில ஒரு மெஷினை உக்கார வெச்சுட்டாங்க.

மெஷினுக்கு மூக்கு கிடையாது. சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எவ்வளவு எடைன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திரணும். அங்க போய் இறங்குனதும் மெஷின் எடை போட்டுப் பாக்கும். ஒத்துப் போனா பச்சை லைட்டு. ஒத்துப் போகலைன்னா சிவப்பு லைட்டு, சரக்கு வந்த கப்பல்லயே ரிட்டன். மூணு சிவப்பு விழுந்துச்சுன்னா அண்ணாச்சிக்கு மட்டும் இல்ல, அந்தக் காட்டுக்கே கதவைச் சாத்திரும். அப்புறம் ஒரு இலை கூட அனுப்ப முடியாது.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாது. அதனால ஆலமரத்தடிக்குப் போச்சு. அங்க ஒரு குரங்கு கம்ப்யூட்டர் ஒண்ணை வெச்சுக்கிட்டு ஊர்ல உள்ள ஃபார்மெல்லாம் ஃபில்லப் பண்ணிக் கொடுத்துட்டிருந்துச்சு. பாலிடெக்னிக்கை ரெண்டாவது செமஸ்டர்ல விட்ட குரங்கு. ஏன்டே விட்டன்னு கேட்டா, நான் விடல, படிப்புதான் என்னை விட்டுட்டுன்னு சொல்லும். வாய் ரொம்ப நீளம். வால் அதைவிடக் கொஞ்சம் கம்மி.

நூறு மூட்டை, மூட்டைக்கு அம்பது கிலோ, மொத்தம் ஐயாயிரம் கிலோன்னு அண்ணாச்சி சொல்லச் சொல்ல, குரங்கு ஒரு கையால வாழைப்பழம் உரிச்சுக்கிட்டே மறு கையால அடிச்சுது. ஒருதடவை சரி பாத்துருவமான்னு அண்ணாச்சி கேட்டதுக்கு, நம்ம கை என்னைக்குத் தப்பிருக்குன்னு சொல்லி பட்டனை அமுக்கிருச்சு.

இருபது நாள் கழிச்சு சேதி வந்துச்சு. சிவப்பு. எடை பொருந்தலை. பின்னாலயே சரக்கும் வந்துச்சு, கடல் காத்துல நமுத்துப் போயி. முயலெல்லாம் அதை மறுபடி வெயில்ல பரப்புச்சு.

குரங்கு துப்பறிய ஆரம்பிச்சுது. கண்ணாடி இல்லாத மூஞ்சில கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, மூட்டையில சுக்கைத் தவிர வேற என்ன போட்டீங்கன்னு கேட்டுது. ஒண்ணுமே போடலியேன்னுச்சு அண்ணாச்சி. நல்லா யோசிங்கன்னுச்சு குரங்கு. அப்பதான் அண்ணாச்சி கூச்சப்பட்டுக்கிட்டே, ஒரு கை கொசுறு போட்டேன்னு சொல்லிச்சு.

"அண்ணாச்சி, நீங்க கடத்தல் பண்ணிருக்கீங்க."

அண்ணாச்சிக்கு மீசை ஆடிப் போச்சு. "கொசுறு சரக்கு இல்ல தம்பி. அது மரியாதை."

"மரியாதைக்கு எடை இருக்குல்லா அண்ணாச்சி."

சரி, கொசுறையும் ஃபார்ம்லயே ஏத்திருவோம்னு முடிவாச்சு. ஏத்தப் போனா மெஷின் கொசுறுக்கு நம்பர் கேக்குது. பென்குயின் நாட்டு லிஸ்ட்ல பத்தாயிரம் சரக்குக்கு நம்பர் இருக்கு. செத்த பட்டாம்பூச்சிக்கு இருக்கு, ஒத்தைக் கால் செருப்புக்கு இருக்கு, கொசுறுக்கு இல்ல. விலை என்னன்னு கேக்குது. சும்மான்னு போட்டா ஏத்துக்கல. குரங்கு மூளையைக் கசக்கி, பரிசுப் பொருள்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல டிக் அடிச்சுது. என்ன விசேஷம்னு கேட்டுச்சு மெஷின். பிறந்தநாள்னு போட்டுது குரங்கு. நூறு மூட்டைக்கு நூறு பிறந்தநாள்.

மெஷின் போய், சரக்கு வாங்குற பென்குயினோட ஜாதகத்தையே எடுத்துப் பாத்துருச்சு. அதோட பிறந்தநாள் ஆறு மாசம் முன்னாலயே முடிஞ்சுட்டாம், அதுவும் ஒரே ஒரு தடவைதான் பொறந்திருக்காம். ரெண்டாவது சிவப்பு.

இப்ப முயல் சங்கத் தலைவி செவ்வந்தி கிளம்பி கோடவுனுக்கு வந்துட்டா. சத்தம் போடல. அண்ணாச்சி முன்னால உக்காந்து, காதை மட்டும் நேரா நிமுத்தினா. "இன்னொரு சிவப்பு விழுந்தா வருஷம் பூரா காயப் போட்டதை நாங்களேதான் திங்கணும் அண்ணாச்சி. எங்களுக்குச் சளியே பிடிக்காது."

அண்ணாச்சி, இன்னையோட கொசுறை நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்ணுச்சு. கை கேக்கணுமே. முதல் மூட்டை எடை போட்டு முடிச்சதும் கை தானா சுக்குக் குவியலுக்குப் போச்சு. குரங்கு ரெண்டு கையையும் கயிறு போட்டுக் கட்டுச்சு. அண்ணாச்சி வாலால அள்ளிப் போட்டுது. வாலையும் கட்டுனாங்க. வாயால கவ்விப் போட்டுது. நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிச்சு ஒரு மூட்டையைத் தைச்சு முடிச்சாங்க. அண்ணாச்சி அந்த மூட்டையைப் பாத்து, மொட்டை அடிச்ச பிள்ளை மாதிரி நிக்குதேன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு.

கப்பல் மறுநாள் காலையில. தொண்ணூத்தொம்பது மூட்டை பாக்கி. குரங்கு தலையைச் சொறிஞ்சுது. பேனைப் பாத்துது. பேனைத் தின்னுது. அப்புறம் அண்ணாச்சி கட்டை அவுத்து விட்டுது.

"அண்ணாச்சி, அம்பது கிலோ சரியா நிக்குதா?"

"நிக்குது."

"அதுலருந்து ஒரு கை எடுங்க."

எடுத்துச்சு.

"இப்பப் போடுங்க."

போட்டுது.

"என்ன போட்டீங்க?"

"கொசுறு," அப்பிடின்னுச்சு அண்ணாச்சி, பழக்க தோஷத்துல. சொல்லிட்டுத் தராசைப் பாத்துது. அம்பது கிலோ. தன் கையைப் பாத்துது. மறுபடி தராசைப் பாத்துது. கடைசியில மெதுவா, "இது ஏமாத்து இல்லியா தம்பி?"

"யாரை அண்ணாச்சி ஏமாத்துனோம்? சுக்கு உள்ளதான கிடக்கு."

அவ்வளவுதான். அண்ணாச்சி மூஞ்சில பழைய களை வந்துட்டு. தொண்ணூத்தொம்பது மூட்டை, தொண்ணூத்தொம்பது தடவை எடுத்துச்சு, தொண்ணூத்தொம்பது தடவை மனசு நிறைஞ்சு போட்டுது. அழுதுக்கிட்டே தைச்ச அந்த மொட்டை மூட்டையையும் பிரிச்சு, எடுத்துப் போட்டுட்டுத் திருப்பித் தைச்சுது. அன்னைக்கு மூணு ஆள் சோறு தின்னுச்சு.

இருபது நாள் கழிச்சு, பச்சை. முயல்கள் குதிச்ச குதியில ரெண்டு மரத்துல தேன்கூடு விழுந்துச்சு.

பின்னாலயே சரக்கு வாங்குற பென்குயின்கிட்டருந்து ஒரு கடுதாசி. மெஷின் வந்தப்புறம் எல்லாக் காட்டுக்காரனும் கொசுறை நிறுத்திட்டான், நீங்க ஒருத்தர்தான் விடாம அள்ளிப் போடுறீங்கன்னு உங்க குரங்கு சரக்கோட எழுதி அனுப்பியிருந்தது, படிச்சிட்டு எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம், பழைய ஆபிசரைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொன்னோம், அஞ்சு தும்மல் போட்டாருன்னு இருந்துச்சு. அடுத்த தடவைக்கு ரெண்டு மடங்கு ஆர்டர்.

அண்ணாச்சி சந்தோஷத்துல, இனிமே மூட்டைக்கு ரெண்டு கை கொசுறுன்னு அறிவிச்சுது. ரெண்டு கை எடுத்து, ரெண்டு கை போட்டுது. பக்கத்துக் கடைக் கீரிப்பிள்ளை போட்டிக்கு, புளி மூட்டையில மூணு கைன்னுச்சு. இப்ப காடு பூரா எல்லாரும் எடுத்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அம்புட்டு தாராளமான காட்டை நீங்க எங்கயும் பாக்க முடியாது. வெளிநாட்டு மெஷினைச் சமாளிப்பது எப்படின்னு அண்ணாச்சியை மேடை ஏத்திப் பேசச் சொல்லுறாங்க. அது பேசி முடிச்சதும், கொசுறா இன்னும் ரெண்டு நிமிஷம் பேசுறேங்குது. அதையும் முன்னாலயே பேச்சுலருந்து கழிச்சு வெச்சிருக்கு.

நீதி: தாராள மனசு துடிக்குதுன்னா, கொடுக்கப் போறதை முதல்ல வாங்குறவன் மூட்டையிலருந்தே எடுத்துக்கோ. அவன் மனசும் நிறையும், மெஷினும் பச்சை காட்டும்.

வடை வந்துட்டு, எடுத்துக்கோங்க. அப்புறம் தங்கமாரி, ஃபார்முக்கு நீ என்கிட்டதான் வரப் போற, அதனால இதையும் சொல்லிருதேன். அந்த முதல் சிவப்போட மெஷின் ஒரு சீட்டு அனுப்பியிருந்துச்சு. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கூடக் குறைய இருந்தா அது கண்டுக்கவே செய்யாதாம். ஒரு பெருச்சாளி கை எம்மாத்திரம். கொசுறு மேல ஒரு தப்பும் இல்ல. ஐயாயிரத்துல ஒரு பூஜ்யத்தை விட்டுட்டு ஐநூறுன்னு அடிச்சது நான்தான். அந்தச் சீட்டுலதான் வாழைப்பழத் தோலை மடிச்சுப் போட்டேன். அண்ணாச்சிகிட்ட இன்னும் சொல்லல.