உள்ளங்கை ஸ்கேன்

எங்கள் தெருவில் நோய் பார்ப்பது சுலபமாகிவிட்டது. மருந்துக்கடை மாடியில் ‘ஸ்கேன் கை’ என்று பேர் வாங்கிய ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார். நடுவில் திரை. அந்தப் பக்கம் ஸ்டூலில் பெண்கள் உட்கார்ந்தால், இந்தப் பக்கமிருந்து உள்ளங்கையை நீட்டுவார். மார்பில் கட்டி உண்டா, என்ன கட்டி, எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். தொடமாட்டார், பார்க்கமாட்டார். ரவிக்கையைக் கழற்ற வேண்டாம், ஜில்லென்று ஜெல் தடவ வேண்டாம். கூட்டம் அள்ளாதா? நானும் இரண்டு தடவை வரிசையில் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான், நம்புங்கள்.

தையல்கடைக்காரியின் நாத்தனாருக்கு நிஜமாகவே கட்டி. டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதி மூன்று வாரம். அவளோ மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

“கரையுதுன்னு சொல்றாரு அண்ணி. ஸ்கேன் தப்பாக் காட்டுமாம். அவர் கை தப்பினதே இல்லையாம்.”

“யாரு சொன்னா?”

“அவர்தான்.”

மறுநாள் தையல்கடைக்காரி நாத்தனாரையும் ஒரு துணி மூட்டையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மூட்டைக்குள் ரவிக்கை அளவு பார்க்கும் பொம்மை. கழுத்தோடு சரி. அதை ஸ்டூலில் வைத்துப் புடவை போர்த்தினாள்.

“ஆள் உக்காந்தாச்சுங்க.”

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “இடது பக்கம், பட்டாணி அளவு. பயப்படாதேம்மா, நீர்க்கட்டிதான். ஏழு தடவை வந்தாக் கரைச்சிடலாம். மூச்சை இழுத்து விடு.”

பொம்மை விடவில்லை.

“ரெண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு. எந்நேரமும் கவலைப்படுற தலை. அதான் கட்டி.”

தையல்கடைக்காரி திரையை விலக்கினாள். “எந்தத் தலைங்க?”

அவர் கை நீண்டபடியே நின்றது. வரிசையில் ஒருத்தி என் காதில், “பொம்மைக்கே கண்டுபிடிச்சிட்டாரே, பெரிய ஆளுதான்” என்றாள். இவளை என்ன செய்ய?

நாத்தனார் சிரிக்கவில்லை. நேரே ஸ்கேனுக்குப் போனாள்.

“நீர்க்கட்டி இல்லம்மா, கெட்டியா இருக்கு. ஓரமும் சரியில்ல,” என்றாராம் ஸ்கேன் டாக்டர். “புற்றா இல்லையான்னு இதை மட்டும் வெச்சு எனக்குத் தெரியாது. ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும்.”

பார்த்தார்கள். புற்றுதான். சிறியதாக இருப்பதால் குணப்படுத்தலாம் என்கிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன்.

ஸ்கேன் கை அடுத்த தெருவில் கடை விரித்திருக்கிறார். போகிறவர்கள் போங்கள். ‘உங்களுக்கு எது தெரியாது?’ என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு அது கிடையாது.