வண்டூரில் உதிர்ந்த நிலாத் துண்டுகள்

அந்தமானில், வண்டூருக்கு வரும் பஸ்களில் அப்போது நிற்கக்கூட இடமில்லை. பத்துபஸ்தியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வடக்கே தொலைவிலிருக்கும் ரங்கத்திலிருந்து கட்டுச்சோற்றோடு வந்தார்கள். கடல் பார்க்க அல்ல. அதுதான் சுற்றிலும் கிடக்கிறதே! மதியொளிச் சித்தர் நிலாவைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறாராம்.

சித்தரின் பழைய பெயர் பக்தவத்சலம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தவர். ஒன்பது கோள்களையும் அடக்கியவர் என்றது அவருடைய நோட்டீஸ். வயிற்றை அடக்க முடியாமல் வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்றார்கள் கூட வந்தவர்கள். ஜனங்கள் நோட்டீஸைத்தான் நம்பினார்கள். அச்சில் வந்தால் பொய்க்கும் மவுசுதான்.

அவருடைய தத்துவம் ரொம்ப எளிது. பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஏன் தேய்கிறது? உதிர்கிறது. உதிர்ந்தது எங்கே விழுகிறது? கடலில். யாருடைய தவத்துக்கு அது கரையேறி வருகிறது? அதைக் கேட்கவே வேண்டாம். அந்த வெள்ளைத் துண்டைப் பட்டுத்துணியில் முடிந்து, திருநீறு பூசிக் கொடுப்பார். கண்ணேறு, கலியாணத் தடை, மூட்டு வலி எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. பதிலுக்குச் சந்திரனுக்குப் பிடித்த வெள்ளியைக் காணிக்கை வைக்க வேண்டும். கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ், எதை வைத்தாலும் சந்திரன் கோபித்துக்கொள்வதில்லை.

"சாமி, வளர்பிறைல நிலா மறுபடி பெருசாவுதே, அது எப்படி?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"துண்டெல்லாம் வானத்துக்குத் திரும்பணும்ல? அமாவாசைக்குள்ள எல்லாரும் கொண்டாந்து எங்கிட்ட ஒப்படைச்சிடுங்க. நான் அனுப்பி வைக்கிறேன்."

ஒப்படைத்தார்கள். அடுத்த தேய்பிறையில் அதே துண்டுகள் வேறு பக்தர்களுக்குப் போயின. சரக்குக்குச் செலவே இல்லாத வியாபாரம்!

படகு ஓட்டும் பெரியதம்பியின் மனைவி நளினிக்கு அது ஏழாம் மாதம். கால் வீங்கி, கொலுசு சதையில் புதைந்தது. கழற்றிச் சித்தரிடம் கொடுத்தாள். அவர் ஒரு துண்டை அவள் இடுப்பில் கட்டச் சொன்னார். "சந்திர நீர் கால்ல இறங்கிருக்கு. தேய்பிறை முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

பெரியதம்பியின் அக்கா உமா மகேஸ்வரிக்குப் படகுத்துறையில் வேலை. தீவுக்குப் போகிற டூரிஸ்டுகளின் பையைத் திறந்து பிளாஸ்டிக் தேடுவது. யார் எதைச் சொன்னாலும் 'திறந்து காட்டு' என்று கேட்டே பழகிய வாய். ஒரு வாரவிடுமுறையின் காலையில் தம்பி வீட்டுக்கு வந்தவள், நளினியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். முகமும் வீங்கியிருந்தது.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா பிளக்குது அண்ணி. கண்ணுல பூச்சி பறக்குது."

"டேய், ஆட்டோ கூப்பிடு. இப்பவே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பெரியதம்பி நகரவில்லை. "அக்கா, சாமி சொல்லை மீறி ஏதாவது ஆயிட்டா? தலைப்பிள்ளைக்கா." புயலில் படகோட்டுகிறவன், ஒரு வாசப்படிக்குப் பயந்தான்.

"நிலா உதிரலைன்னு நான் காட்டிட்டா?"

"காட்டு. அடுத்த நிமிஷம் ஆட்டோ நிக்கும்."

வேலியில் வலைக்குக் கட்டும் வெள்ளை மிதவைகள் தொங்கின. பந்து போன்ற ஒன்றை அறுத்துக்கொண்டு உமா நடந்தாள்; பெரியதம்பி பின்னாலேயே போனான்.

கடற்கரையில் நல்ல கூட்டம். கிழக்கே வெயில் ஏறியிருந்தது. மேற்கு வானத்தில் பாதி நிலா வெளிறிப்போய் நின்றது.

"பாருங்க பக்தர்களே! பாதி உதிர்ந்திருச்சு!" என்று சித்தர் விரலை நீட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

உமா மிதவையை வெயிலில் உயர்த்தி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி நீட்டினாள். "தம்பி, எனக்குப் பின்னாடி வந்து நின்னு பாரு. மிதவைல எவ்வளவு வெளிச்சம்?"

பெரியதம்பி பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். "பாதிதான்க்கா. நிலா மாதிரியே! அதே பக்கம்!"

"மீதிப் பாதி உதிர்ந்திருச்சா?"

"அதெப்படி உதிரும்? அந்தப் பக்கம் நிழல்."

உமா மிதவையை நீட்டியபடியே மெல்லச் சுற்றினாள். சூரியன் இருக்கும் திசைக்குத் திரும்பியபோது மிதவை கறுத்துவிட்டது. "இது அமாவாசை." சூரியனுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் படாமல் தலைக்கு மேலே தூக்கினாள். முழுசும் வெளுத்தது. "இது பௌர்ணமி. சூரியன் எப்பவும் நிலாவோட பாதியில வெளிச்சம் போடுது. நிலா நம்மளைச் சுத்திச் சுத்தி வருது. அந்த வெளிச்சப் பாதி நமக்கு எவ்வளவு தெரியுதோ அதுதான் பிறை. அது தேயவும் இல்லை, வளரவும் இல்லை."

"குடு, குடு, நானும் பார்க்கிறேன்!" மிதவை கை மாறியது. அருள் வாங்க வந்தவர்கள் வட்டமடித்துச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"அது பிளாஸ்டிக்! இது சந்திர பகவான்!" என்று சித்தர் கத்தினார்.

"வெயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே சாமி" என்றாள் உமா. "சரி, உதிரவே இல்லைன்னா நீங்க குடுத்தது என்ன?"

வனக்காவலர் ரவிச்சந்திரன் கூட்டத்தில் நின்றிருந்தார். கரையில் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுக்கக் கூடாது என்று தினமும் கத்துவது அவர் வேலை. "அரே பாபாஜி, அது மூங்கா மாதிரி இருக்கே? பவளம்னா கேஸ். நிலாவா இருந்தா எனக்குச் சம்பந்தமில்லை. க்யா ஹை, என்னன்னு சொல்லுங்க."

சித்தர் இந்தப் பக்கம் கூட்டத்தையும் அந்தப் பக்கம் காக்கியையும் பார்த்தார். "நிலாதான்" என்றார்.

"அச்சா. மூட்டையைத் திறந்து காட்டுங்க" என்றாள் உமா.

சித்தர் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கடியில் இருந்த சாக்கை ரவிச்சந்திரன் இழுத்துக் கவிழ்த்தார். ஈர மணலோடு நிலாத் துண்டுகள் கொட்டின. அவற்றின் நடுவிலிருந்து ஒரு நண்டு எழுந்து, காலை உதறிக்கொண்டு, சித்தரின் மடியை நோக்கி நடந்தது.

"நிலாவுல நண்டு வேற இருக்கா!" என்றது ஒரு குரல். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சித்தர் துள்ளியதில் பொய் ஜடாமுடி கழன்று விழுந்தது.

பிறந்ததிலிருந்து காலடியில் மிதித்து வந்த பவளம்தான். பட்டுத்துணியில் சுற்றியதும் அதை அடையாளம் தெரியாமல் போயிற்று! பெரியதம்பி இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. ஆட்டோவுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் நளினியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா உடனே படுக்கையில் சேர்த்தார். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா வலிப்பு வந்து ரெண்டு பேர் உயிருக்குமே ஆபத்து" என்றார். இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து எறிந்தது நளினிதான். ஊசியும் மருந்துமாக வாரங்கள் கழிந்து, பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு; குரல் குறைவில்லை. சித்தரை ரவிச்சந்திரன் கேஸ் போட்டு அழைத்துப்போனார். கொலுசுகள் அவரவர் கால்களுக்குத் திரும்பின.

இப்போது வண்டூர்க்காரர்கள் சித்தரை நினைத்துச் சிரிக்கிறார்கள். தங்களை நினைத்தும் கொஞ்சம் சிரிக்கலாம். வானத்து அமாவாசை யாரும் கேட்காமலே விலகிவிடும். மண்டைக்குள் இருக்கும் அமாவாசை அப்படியல்ல, ஐயா, யோசித்தால்தான் விடியும்.